பெற்றவள் சொல்: நெல்லைச் சீமையில் பேறுகால அனுபவம் கேட்கப்பட்ட வரலாறு

பேறுகாலத்தில் நடந்ததைப் பெற்றவளோ அவள் வீட்டாரோ தம் வாயால் சொல்ல, அதைக் கேட்டு எழுதிவைத்து, மருத்துவமனை தன் நடைமுறையைத் திருத்திக்கொள்வது தமிழ்நாட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத்தான் அரசின் வேலைகளில் ஒன்றாக இருந்துவருகிறது. அதற்கு முன்பும் பெண்கள் சொல்லாமல் இருந்ததில்லை. சொன்னது யார் காதில் விழுந்தது, கேட்டவருக்கு எதையாவது மாற்றும் அதிகாரம் இருந்ததா என்பதில்தான் காலத்துக்குக் காலம் வேறுபாடு.

இந்த வரலாற்றை மேலப்பாளையத்தில் நின்று பார்ப்பது பொருத்தம். தாமிரபரணியின் வலக்கரைப் பக்கம், பாளையங்கால்வாய் ஊடே ஓடும் ஊர் அது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கைத்தறியும் பீடி சுற்றலும் கால்நடைச் சந்தையும் அதன் பிழைப்பு. 1994இல் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபோது பாளையங்கோட்டை, தச்சநல்லூர் ஆகியவற்றோடு இந்த நகராட்சியும் அதில் சேர்ந்தது. இன்று நான்கு மண்டலங்களில் ஒன்று. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். இரண்டுக்கும் ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. பெற்றவளின் சொல் போய்ச் சேர வேண்டிய இடங்கள் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

மருத்துவமனைக்கு முந்திய காலத்தில் பிள்ளைப்பேறு வீட்டில் நடந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே நெல்லைச் சீமையிலும் பேறு பார்த்த மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் நாவிதர் குலப் பெண்கள். கூலி நெல்லாகவும் துணியாகவும் காசாகவும் கிடைத்தது. எந்த மருத்துவச்சியைக் கூப்பிடுவது என்பதைத் தெருப் பெண்களின் பேச்சே தீர்மானித்தது. யாருக்குக் கைராசி உண்டு, யார் பொறுமையாக இருப்பார், யார் வலிக்கும்போது ஏசுவார் என்பதெல்லாம் கிணற்றடியிலும் திண்ணையிலும் அடுத்த கர்ப்பிணிக்குச் சொல்லப்பட்டது. ஒருத்தியின் அனுபவம் அடுத்தவளின் முடிவாக உடனே மாறியது. நடுவில் படிவமோ அலுவலரோ இல்லை. நன்றாகப் பார்க்காத மருத்துவச்சிக்கு அடுத்த வீட்டிலிருந்து ஆள் வராது.

ஆனால் அந்தப் பேச்சுக்கு ஓர் எல்லை இருந்தது. இருப்பவர்களுக்குள் நல்லவரைத் தேர்ந்தெடுக்க அது உதவியது. இல்லாததை உண்டாக்க அதனால் முடியவில்லை. நஞ்சுக்கொடி விழாமல் உதிரம் கொட்டியபோதும், பேறுகால ஜன்னி வந்தபோதும், பிள்ளை குறுக்கே கிடந்தபோதும் ஊரில் எவரிடமும் பரிகாரம் இல்லை. இறந்தவள் விதி முடிந்து போனாள் என்று அழுது அடக்கம் செய்தார்கள். அவள் எதனால் போனாள் என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. பழைய முறையை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆங்கிலேயர் காலத்து மருத்துவமனை வந்தபோது பெண்கள் சொன்ன முதல் பெரிய கருத்து, வர மறுத்ததுதான். சென்னையில் 1844இல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. எழும்பூரின் இன்றைய மகப்பேறு மருத்துவமனை அதன் வழிவந்தது. ஆண் மருத்துவர் தொடும் இடத்துக்கு, பிற ஆண்கள் பார்வையில் படாமல் வாழும் கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும் ஆசாரமான சாதி வீட்டுப் பெண்களும் வரவில்லை. செத்தாலும் சரி என்று வீட்டிலேயே கிடந்தார்கள். 1881இல் எலிசபெத் பீல்பி என்ற பெண் மருத்துவர் இங்கிலாந்து திரும்பியபோது, அவரிடம் சிகிச்சை பெற்ற பன்னா சமஸ்தானத்து மகாராணி, இந்தியப் பெண்கள் நோயில் படும் துன்பத்தைச் சிறு தாளில் எழுதச் செய்து, லாக்கெட்டில் அடைத்து, விக்டோரியா மகாராணியிடம் நேரில் சேர்க்கச் சொன்னார். ஒரு நோயாளியின் சொல் முடிவெடுப்பவரின் கைக்கு நேராகப் போன மிகப் பழைய நிகழ்ச்சிகளில் இது ஒன்று. 1885இல் டஃபரின் சீமாட்டி பெயரால் பெண்களுக்கான மருத்துவ நிதி ஏற்பட்டதற்குப் பின்னால் இதுவும் இருந்தது.

தமிழ்நாட்டில் அதே கருத்தைக் காதில் வாங்கியவர் மேரி ஷார்லீப். சென்னையில் வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக இருந்தவர், கோஷாப் பெண்கள் மருத்துவமின்றிச் சாவதைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அதில் சேர்ந்தார். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய பின், 1885இல் கோஷாப் பெண்களுக்கும் சாதிப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனையை நிறுவுவதில் முன்னின்றார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கும் அதைப் பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பெண் மருத்துவரைக் கேட்டு, இல்லையென்றதும் திரும்பிப் போக, அந்த மூன்று தாய்மாரும் இறந்த நிகழ்ச்சி ஐடா ஸ்கடரை மருத்துவத்துக்குத் திருப்பியது. அதன் விளைவு வேலூர் மருத்துவமனை. பெண்களின் மறுப்பை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், மருத்துவமனை மாற வேண்டும் என்ற கோரிக்கையாக எடுத்துக்கொண்டதுதான் இவர்களின் பெருமை. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பெண் மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்வி இன்றும் முதலில் எழுவதால், அந்தப் பாடம் பழசாகிவிடவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில் பேறுகாலத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. தாயிடம் கேட்டு எழுதப்பட்டது மிகக் குறைவு. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் நோக்கம் கொண்டது. அது 1918இல் வெளியிட்ட அறிக்கை, நாடெங்கும் இருந்த பெண் மருத்துவர்கள் தாங்கள் கண்டதை எழுதி அனுப்பியவற்றின் தொகுப்பு. மருத்துவச்சியின் அழுக்குக் கை, காற்றில்லாத அறை, பட்டினி எல்லாம் அதில் உண்டு. பெற்றவள் அதில் காட்சிப் பொருளாகக் கிடந்தாள், சாட்சியாகப் பேசவில்லை. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டமும், 1939இல் தாய்சேய் நலத்துக்குத் தனி அத்தியாயம் வைத்த பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தன. 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய அமைந்த போர் (Bhore) குழு, 1000 பிறப்புக்கு 20 தாய்மார் இறப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பேர் போவதாகவும் கணித்தது. கணக்கு வந்துவிட்டது. கணக்குக்குள் இருந்த கதை வரவில்லை.

விடுதலைக்குப் பின் கட்டடங்கள் எழுந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களும் நகராட்சிகளின் தாய்சேய் நல விடுதிகளும் பரவின. 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஹைகிரவுண்டு மருத்துவமனை தென் மாவட்டங்களின் பெரியாஸ்பத்திரி ஆனது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். அவர் கையில் இருந்த பேரேட்டில் கர்ப்பிணியின் வயது, எத்தனையாவது பேறு, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாரா என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. எப்படி நடத்தப்பட்டார் என்பதற்குக் கட்டம் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு அந்தக் காலத்துச் செவிலியரின் தலைமேல் தொங்கிய சுமை. மேலிடம் கேட்டது எண்ணிக்கை. ஆகவே கீழிருந்து போனதும் எண்ணிக்கைதான். அந்த இலக்கு முறை 1996 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் கைவிடப்பட்டது.

முறையிடும் வழி எவருக்கு இருந்தது என்பதிலும் ஒரு பிளவு. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை அதற்கு வெளியே நின்றது. பணம் கொடுத்துப் பெற்றவளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் கிடைத்தது. பீடிக் கூலியில் வாழ்ந்து தர்ம ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்குக் கிடைத்தது மனு எழுதும் உரிமை மட்டும்.

அரசுக்கு வெளியே சிலர் கேட்கத் தொடங்கியிருந்தனர். செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் தலித் பெண்களும் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், கூலிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி, அவர்கள் ஊர்ப் பெண்களின் பேறுகாலத்தையும் கருக்கலைப்பையும் மருத்துவமனை அனுபவத்தையும் அவர்களைக்கொண்டே திரட்டியது. கேட்பவரும் சொல்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்ததால், மருத்துவமனைக் கட்டிலில் சொல்லாததை வீட்டு வாசலில் சொன்னார்கள். அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995இல் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைக் குப்பத்திலும் ஏழைப் பெண்களிடம் கேட்டதை 2003இல் நூலாக வெளியிட்டார். பிரசவ வார்டில் ஏச்சும் அடியும், வார்டு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய காசு, பேறு முடிந்த கையோடு கேட்காமலே காப்பர் டி வைப்பது என அதில் பதிவானவை கடுமையானவை. இவற்றோடு எதிர்பாராத ஒன்றும் உண்டு: வலியை வேகப்படுத்தும் ஊசியைப் பல பெண்கள் தாங்களே கேட்டு வாங்கினார்கள். பெண்கள் எதை விரும்புவார்கள் என்று மருத்துவரும் சீர்திருத்தக்காரரும் வெளியிலிருந்து ஊகித்துவிட முடியாது; கேட்டால்தான் தெரியும் என்பதற்கு இது நல்ல சான்று.

அரசு முறையாகக் கேட்கத் தொடங்கியது இறந்தவர்களின் வீட்டில். 1994இல் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை மகப்பேறு மரணத் தணிக்கையைத் தொடங்கியது. 2004இல் அரசாணை மூலம் அது கட்டாயமானது. கர்ப்ப காலத்திலோ பேற்றின்போதோ பிரசவித்து 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். மருத்துவ அலுவலர் அடங்கிய குழு இறந்தவரின் வீட்டுக்குப் போய், கணவரிடமும் தாயாரிடமும் உடன்போனவர்களிடமும் உட்கார்ந்து கேட்கும். வலி எப்போது கண்டது, முதலில் எங்கே கொண்டுபோனீர்கள், அங்கே யார் இருந்தார், என்ன சொன்னார், அடுத்த இடத்துக்கு எதில் போனீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, இரத்தம் கேட்டார்களா, யார் கொடுத்தது, எவ்வளவு செலவு. மருத்துவமனையின் கோப்பு வேறாக ஆராயப்படும். பிறகு இரண்டும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கூட்டத்துக்கு வரும்.

இறந்தவரின் உறவினர் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டதுதான் இதன் உயிர்நாடி. ஆட்சியர், சுகாதாரத் துணை இயக்குநர், மகப்பேறு மருத்துவர்கள் ஆகியோர் முன்னால், பெண்ணைப் பறிகொடுத்தவர் தம் வாயால் நடந்ததைச் சொன்னார். மருத்துவமனையின் குறிப்பில் ‘தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்’ என்று ஒரு வரியில் இருப்பது, உறவினர் சொல்லும்போது மூன்று மருத்துவமனைகளாகவும் கிடைக்காத வாடகைக் காராகவும் இரவில் இல்லாத மருத்துவராகவும் விரியக்கூடியது. குறிப்பு எழுதியவர் பொய் சொன்னார் என்பதில்லை. தன் வாசலுக்கு வந்த நேரம் மட்டுமே அவருக்குத் தெரியும். வழி முழுவதும் தெரிந்தவர் உடன்வந்தவர் ஒருவர்தான். அதே 1994இல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய ஆய்வாளர்கள், தாய் மரணத்துக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக எழுதினார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். முதல் இரண்டும் எந்த மருத்துவமனையின் கோப்பிலும் முழுமையாக இராது.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டு முறையின் தனித்தன்மை தெரியும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 முதல் மகப்பேறு மரணங்கள் இரகசிய விசாரணைக்கு உட்பட்டுவந்தன. அது மருத்துவர்கள் மருத்துவர்களின் கோப்பைப் படித்துக் கற்கும் முறை. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004இல் அதே வழியைப் பின்பற்றியது. பெயர் மறைத்து, சிகிச்சையின் நுட்பத்தை ஆழமாக அலசி, மருத்துவர்களுக்கு நல்ல வழிகாட்டுதல்களைத் தந்தது. தமிழ்நாடு குடும்பத்தாரைக் கேட்டது. கேட்டதை நிர்வாகியின் முன் வைத்தது. முன்னது மருத்துவரின் கையைத் திருத்த வல்லது. பின்னது சாலை, வண்டி, இரத்தம், பணியிடம் ஆகியவற்றைத் திருத்த வல்லது. அவற்றுக்கு உத்தரவு போடக்கூடியவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதே காரணம்.

அந்த ஆண்டுகளில் நடந்த மாற்றங்கள் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வந்த குறைகளுக்கு நேரான பதில்களாகவே படுகின்றன. அவசரப் பேறுகாலச் சிகிச்சையும் பச்சிளங்குழந்தைச் சிகிச்சையும் 24 மணி நேரமும் கிடைக்கும் சீமாங் மையங்கள் 2004 முதல் உருவாயின. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைமாற்றிப் பணியில் அமர்த்தப்பட்டு இரவும் பகலும் பேறு பார்க்கத் தொடங்கினர். இரத்த சேமிப்பு மையங்கள் வந்தன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1 லட்சம் பிறப்புக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய் மரணம் 2018-20இல் 54 ஆனது. இந்திய அளவில் அதே காலத்தில் 301இலிருந்து 97க்கு இறங்கியது. சாலையும் படிப்பும் வருமானமும் சிறு குடும்பமும் இதில் பங்கு கொண்டவை. தணிக்கை ஒன்றே குறைத்தது என்று சொன்னால் மிகை. எங்கே பணம் போட வேண்டும் என்பதை அது காட்டியது என்று சொல்லலாம். 2010இல் இந்திய அரசு மகப்பேறு மரண ஆய்வுக்கு நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, ஆட்சியர் கூட்டத்தில் உறவினர் பேசுவது அதிலும் இடம்பெற்றது. 2014இல் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த தாய்மாரைப் பற்றிய ஆய்வுக்கும் வழிகாட்டுதல் வந்தது. அந்தத் தாய் உயிரோடு இருக்கிறாள். நடந்ததை அவளிடமே கேட்கலாம்.

இறந்தவரின் வீட்டில் கேட்ட அரசு, வாழ்கிறவள் கேட்ட ஒன்றையும் 2004இல் கொடுத்தது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருத்தி இருக்கலாம் என்ற அனுமதி அது. வீட்டுப் பேற்றில் அம்மாவோ அத்தையோ முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் கதவு சாத்தப்பட்டு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் பெண் தனியாகக் கிடந்தாள். அரசு மருத்துவமனையைப் பற்றிப் பெண்கள் சொன்ன குறைகளில் அடியாழத்தில் இருந்தது இந்தத் தனிமை. பிரசவத் துணைத் திட்டத்தில் இந்திய மாநிலங்களுக்குத் தமிழ்நாடு முன்னோடி; 2016இல்தான் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் அதைப் பரிந்துரைத்தது. துணையாக வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும், தானும் பெற்றவராக இருந்தால் நல்லது, மருத்துவர் வேலையில் குறுக்கிடக் கூடாது என்ற வரம்புகள் உண்டு. மேலப்பாளையத்துப் பெண்ணோடு அவள் உம்மா உள்ளே நிற்கிறபோது, அந்த அறையில் நடப்பதற்கு வீட்டுத் தரப்பில் ஒரு சாட்சி இருக்கிறது. ஏசுவதும் காசு கேட்பதும் சாட்சி முன்னால் கடினம். அனுபவத்தைப் பின்னால் கேட்டுத் திருத்துவதைவிட, அனுபவம் நடக்கும் நேரத்திலேயே அதைத் திருத்தும் ஏற்பாடு இது. இந்த வரலாற்றில் செலவு மிகக் குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுதான் எனத் துணிந்து சொல்லலாம்.

அதே காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு நடத்தினார்கள். செவிலியர் கர்ப்பிணிகளைக் கூட்டிவந்து பிரசவ அறையைச் சுற்றிக் காட்டினார்கள். எந்தக் கட்டில், எந்தக் கழிப்பறை, யார் இருப்பார் என்று முன்கூட்டியே பார்த்த பெண்ணுக்குப் பயம் குறையும். குறை இருந்தால் அப்போதே சொல்லவும் வாய்க்கும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. மருத்துவமனைப் பேறு ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு.

எல்லாரும் வந்துசேர்ந்த பின்பு கேள்வி வேறாயிற்று. வந்தவளை எப்படி நடத்துகிறோம் என்று உலகம் முழுவதும் கேட்கத் தொடங்கிய காலமும் அதுவே. 2014இல் உலக சுகாதார நிறுவனம் பேறுகாலத்தில் நடக்கும் அவமதிப்பையும் வன்முறையையும் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. 2016இல் அது வகுத்த தர அளவைகளில் சிகிச்சையின் தரத்துக்கு இணையாகத் தாயின் அனுபவமும் வைக்கப்பட்டது. வெள்ளை ரிப்பன் கூட்டமைப்பு இந்தியாவில் தொடங்கி உலகெங்கும் கொண்டுபோன இயக்கத்தில் 114 நாடுகளின் ஏறத்தாழ 12 லட்சம் பெண்களிடம், பேறுகால மருத்துவத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மரியாதையாக நடத்த வேண்டும் என்பதே முதலிடம் பெற்றது. பணக்கார நாடுகளும் இதில் விலக்கில்லை. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மருத்துவமனைகளில் குழந்தைகளும் தாய்மாரும் இறந்ததைப் பற்றி 2022 மார்ச்சில் வெளிவந்த டோனா ஆக்கெண்டன் அறிக்கை 1,486 குடும்பங்களை ஆராய்ந்தது; பெற்றோர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்ததை நிறுவனம் காதில் வாங்கவில்லை என்பது அதன் கடுமையான முடிவுகளில் ஒன்று.

இந்தியாவில் கருத்துக் கேட்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் 2007இல் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முன்னோடித் திட்டமாக நடந்தது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, வேலூர், தருமபுரி, பெரம்பலூர், திருவள்ளூர் மாவட்டங்கள். கிராமக் குழு பெண்களிடம் கேட்டு, சேவைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுத்து, அந்த அட்டையை மருத்துவ அலுவலரோடு கூடிப் பேசும் முறை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் படித்துவிடலாம். முன்னோடிக் கட்டம் முடிந்தபோது அதன் வேகம் தணிந்தது. மரணத் தணிக்கைக்கு இருந்த அரசாணையின் பலம் இதற்கு இல்லை.

2013இல் தேசியத் தர உறுதி அளவைகள் வந்து, அரசு மருத்துவமனை தரச்சான்று பெற நோயாளிகளின் திருப்தியை மாதந்தோறும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்ணாகத் திரட்ட வேண்டும் என்றாயிற்று. அந்த ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டில் 104 தொலைபேசிச் சேவை தொடங்கியது; மருத்துவ ஆலோசனையோடு குறைகளையும் அதில் சொல்லலாம். 2016இல் மத்திய அரசு ‘மேரா அஸ்பதால்’ என்ற திட்டத்தில், சிகிச்சை முடிந்து போனவரின் கைப்பேசிக்குச் செய்தியும் தானியங்கி அழைப்பும் அனுப்பத் தொடங்கியது: திருப்தியா, இல்லையா, இல்லையென்றால் ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவா, சிகிச்சையா. 2017 டிசம்பரில் வந்த ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறைக்கே உரியது. கட்டிலுக்குக் கட்டில் திரை, பிரசவத் துணை, ஏச்சும் அடியும் இல்லாத சூழல், உட்கார்ந்தோ ஒருக்களித்தோ பெறும் உரிமை ஆகியவை அதில் தர அளவைகளாயின; தாய்மாரின் திருப்தியும் சான்றிதழுக்கான கணக்கில் சேர்ந்தது. 2019 அக்டோபரில் ‘சுமன்’ திட்டம் மரியாதையான கவனிப்பையும் குறைதீர்க்கும் வழியையும் உறுதிமொழியாகவே அறிவித்தது.

கருவிகள் கூடியதால் கேட்பது எளிதாகிவிடவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே வேலை பார்ப்பவர் நீட்டும் தாளில் தாய் குறை எழுதுவது அரிது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்த நிறைவு ஒரு பக்கம். அடுத்த பேற்றுக்கும் இங்கேதான் வர வேண்டும் என்ற பயம் மறுபக்கம். பேறு முடிந்து சில வாரம் சென்று, வீட்டில், மருத்துவமனையைச் சேராத ஒருவர் கேட்கும்போது அதே பெண் வேறு விதமாகப் பேசுவாள். தானியங்கி அழைப்புக்கும் ஒரு சிக்கல் உண்டு: பல வீடுகளில் மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படுவது கணவனின் எண் அல்லது வாப்பாவின் எண். திருப்தியா என்ற கேள்விக்குப் பொத்தானை அழுத்துவது, பிரசவ அறைக்குள் போகாத ஆணாக இருந்துவிடுகிறது. ஐந்துக்கு நாலரை என்ற சராசரி மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கழிப்பறைத் தாழ்ப்பாளை மாற்றுவது என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு பெண் சொன்ன ஒரு வாக்கியம் வேண்டும்.

இன்று கேட்கப்பட வேண்டியவற்றில் முதன்மையானது அறுவைப் பேறு. தமிழ்நாட்டில் 2015-16இல் 34.1 விழுக்காடாக இருந்தது 2019-21இல் 44.9 விழுக்காடு ஆனது. ஏன் அறுக்கிறோம் என்று தாய்க்குச் சொன்னார்களா, அவள் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டாளா, பின்னால் வலியோடு பீடித்தட்டை மடியில் வைத்து எத்தனை நாளில் உட்கார வேண்டியிருந்தது என்பவை அந்த விழுக்காட்டில் இல்லை. கர்ப்பிணி ஒவ்வொருவரையும் எண் கொடுத்துப் பின்தொடரும் பிக்மி பதிவு முறை தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் உடல்நிலையின் வரலாறு உண்டு. நடத்தப்பட்ட விதத்தின் வரலாறும் அதோடு சேர்ந்தால் மட்டுமே அந்தப் பதிவு முழுமை பெறும்.

மேலப்பாளையத்துத் தாய் ஒருத்தி இன்று தன் குறையைச் சொல்ல விரும்பினால் வழிகள் பல. வீட்டுக்கு வரும் நகர சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். 104க்குப் பேசலாம். திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். பதிவு எண்ணோடு ரசீது கிடைக்கும், உரிய அலுவலர் பதில் தர வேண்டும். இவற்றில் எழுத்தும் கெடுவும் பதில் சொல்ல வேண்டிய ஆளும் சேர்ந்து இருப்பது மூன்றாவதில்தான். ஆனால் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத பெண் அங்கே வரிசையில் நிற்பதில்லை. அவளுக்காக உம்மாவோ அண்ணனோ போக வேண்டும்.

உலக வங்கிக் கடனோடு 2019இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம், மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் சுகாதாரப் பேரவைகளைக் கூட்ட வகைசெய்தது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் பொதுமக்களும் தங்கள் பகுதி மருத்துவமனைகளின் தேவைகளை அங்கே வைக்க, மாவட்டத்தில் தீர்க்கக் கூடியவை அங்கேயே தீர்க்கப்பட்டு, மற்றவை மாநிலப் பேரவைக்குப் போகும் முறை அது. ஆள் பற்றாக்குறை, கட்டடம், கருவி போன்றவை இத்தகைய மேடையில் எளிதாகப் பேசப்படுபவை. பிரசவ அறையில் நடந்ததைப் பேச, அண்மையில் பெற்ற பெண்களே அந்தப் பேரவையின் இருக்கைகளில் அமர வேண்டும்.